காத்துப் பக்கம்

"மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று ஸ்பீக்கரில் குரல் வந்ததும் செவந்தி பிடித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு பிடி. இருபது விநாடி போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவள் நாற்பது தாண்டியும் அசையாமல் கிடந்தாள். கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்தபடி, திறந்த நெஞ்சில் ஏசிக் காற்று பட, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் அதில் குறை வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஸ்கேன் அறையின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு புவனேஸ்வரி உள்ளே வந்தாள். மெஷினை இயக்குகிறவள், முப்பது வயசு இருக்கும். நர்ஸ் இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். அவள் பாராட்டத்தான் வருகிறாள் என்று செவந்தி நினைத்தாள்.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"நீங்க சொன்னதத்தான் சிஸ்டர். மூச்ச அடக்குனேன்."

"இழுத்துல்ல அடக்கச் சொன்னேன். நீங்க எல்லாத்தையும் வெளிய விட்டுட்டு அடக்குறீங்க. கோடு கீழ போய் ஒக்காந்துருச்சு."

செவந்தியின் நெஞ்சுக்குழிக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்திருந்தார்கள். சுவரிலிருந்த கேமரா அதைப் பார்க்கும். மூச்சை இழுத்தால் டப்பா ஏறும்; முகத்துக்கு நேரே இருக்கும் சின்ன டிவியில் மஞ்சள் கோடும் ஏறிப் பச்சைக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். செவந்தி அடக்கியபோது கோடு கட்டத்தின் பக்கமே போகவில்லை. மறுபடி செய்தாள். அப்போதும் கீழேதான். மூன்றாவது தடவை புவனேஸ்வரி பக்கத்தில் நின்றுகொண்டே "இழுங்க, இழுங்க, இழுங்க" என்றாள். செவந்தி கொஞ்சம் இழுத்தாள், "பிடிங்க" என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் இழுத்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்.

புவனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க என்ன வேலக்கா பாக்குறீங்க?"

"முந்திரிக்கொட்ட வறுக்குறேன்."

ஆலங்குடிக்கு வெளியே ரோட்டோரம் ஒரு வறுகளம். இருபத்திரண்டு வருஷமாக செவந்திக்கு அதுதான் சோறு. ஓட்டை போட்ட இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டு அடியில் தீயை மூட்டினால், தோலிலிருக்கும் எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும். அப்போது கிளம்பும் புகை சமையல் புகை மாதிரிப் பாவம் பார்க்காது. கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும், ஒரு மடக்கு உள்ளே போனால் அன்றைக்குப் பூராவும் இருமல்தான். அதனால் காற்று திரும்பிப் புகை மேலே வரும்போது பெண்கள் என்ன செய்வார்கள் என்றால், இருக்கிற மூச்சை ஊதி வெளியே தள்ளிவிட்டு நெஞ்சைப் பூட்டிக்கொள்வார்கள். பேச்சு பாதியில் நிற்கும், கை மட்டும் கொட்டையைக் கிளறும். புகை விலகியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். புதிதாக வருகிறவள் மூச்சை இழுத்து அடக்கப் பார்ப்பாள், புகையையும் சேர்த்து இழுத்துவிட்டு நடு ரோடு வரைக்கும் ஓடுவாள். ஒரு மாசத்தில் அவளும் பழகிவிடுவாள்.

"இழுத்தாச் செத்தோம்ல சிஸ்டர்" என்றாள் செவந்தி, இது தெரியாதா என்கிற மாதிரி.

"இங்க இழுக்காட்டித்தான்க்கா வம்பு."

அந்த வம்பு என்னவென்று பிரகதீஸ்வரி டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். இடது பக்கம் மாரை எடுத்த இடத்தில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். அதற்கு நேர் பின்னால் இதயம் இருக்கிறது. மூச்சை நிறைய இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரிந்து இதயம் நெஞ்சுச் சுவரைவிட்டுக் கொஞ்சம் விலகிக்கொள்ளும். அந்த நேரத்துக்கு மட்டும் கரண்டு வைப்பார்கள். மூச்சை விட்டால் மெஷின் நின்றுவிடும். செவந்தி செய்கிறபடி வெறும் நெஞ்சோடு அடக்கினால் இதயம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"கீமோன்னு செவப்பு மருந்து ஏத்துனதுல ஏற்கெனவே ஒங்க இதயம் கொஞ்சம் பலவீனமாத்தாம்மா இருக்கு. எக்கோவுல பாத்தோம்ல. அதுமேல இதுவும் படக்கூடாது. இன்னைக்கு வியாழன். திங்கக்கிழமைக்குள்ள பழகிட்டு வாங்க. அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது. பழகலேன்னா மூச்ச அடக்காமலே வெச்சுற வேண்டியதுதான்."

"பட்டா என்னாகுங்க டாக்டர்?" கேட்டது செவந்தி இல்லை, அவள் கணவன் குழந்தைசாமி.

"இப்ப ஒண்ணும் தெரியாது. அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சுத் தெரியலாம்."

குழந்தைசாமி தலையில் கை வைத்துக்கொண்டான். செவந்தி டாக்டர் மேஜையிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி பதினெட்டு என்றைக்கு வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தும்விட்டாள்.

ஏழெட்டு மாசமாக அவள் இப்படித்தான் இருக்கிறாள். புற்று என்று சொன்ன அன்றைக்கு, "அடுத்த பஸ் எத்தன மணிக்குங்க?" என்றுதான் புருஷனிடம் கேட்டாள். ஊரிலிருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதவர்களுக்கெல்லாம் அவளே டீ போட்டுக் கொடுத்தாள். குவைத்திலிருந்து மகன் உதயசூரியன் போனில் தேம்பினான். "சாப்ட்டியாடா?" என்றாள். தைரியசாலி என்று ஊர் பெயர் வைத்தது. ஊருக்கென்ன, பெயர் வைக்கிறது அதற்குச் சும்மா கிடைத்த வேலை. உண்மையில் தைரியமும் இல்லை, பயமும் இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் உள்பக்கம் மரத்துப்போயிருந்தது. கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். நரம்பு அறுபட்டதால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். உள்ளேயும் அப்படி ஏதோ ஒன்று அறுந்துபோயிருக்கும் என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள். அதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாததால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குழந்தைசாமி பாயை விரித்தான்.

"படு. பாத்துருவோம்."

"விடிஞ்சதுலருந்து நாலு தடவ பாத்தாச்சு."

"அஞ்சாவதும் பாத்தா என்ன தேஞ்சா போயிருவ? படு."

அவளுடைய நெஞ்சுக்குழியில் ஒரு தீப்பெட்டியை வைத்தான். தலையைத் தரையோடு தரையாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொத்தனார் மட்டம் பார்க்கிற மாதிரி பார்த்தான். பார்வை தீப்பெட்டியை விட்டு இடப்பக்கம் போகாமல் கவனமாக இருந்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை. அது செவந்திக்குத் தெரியும். அவளும் பார்த்ததில்லை.

"இழு."

இழுத்தாள். பாதி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் உள்ளே ஒரு கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் திறக்கும் என்று தோன்றியது. ஆனால் திறந்தால் என்னவோ கொட்டிவிடும் என்றும் தோன்றியது. என்னது என்று தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காகப் பயப்படுவது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"தீப்பெட்டி அப்படியேதான் கெடக்கு செவந்தி. இன்னும் இழு. என்னத்துக்கு இப்படிப் பண்றே, இழேன்." குழந்தைசாமியின் குரல் கம்மியது. அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு எரிச்சல் வந்தது. சத்தமில்லாமல் இடுப்புக்கு மேலே முதுகைக் கொஞ்சம் வளைத்துத் தூக்கினாள். தீப்பெட்டி ஏறியது.

"ஏறிருச்சு! ஏறிருச்சு பாரு! ஒண்ணு, ரெண்டு, மூணு..."

இருபது வரைக்கும் எண்ணிவிட்டு எழுந்து உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவு சந்தோஷம் அவன் முகத்தில். உண்மையைச் சொல்ல செவந்திக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமைக்கும் இது போதும் என்று நினைத்துக்கொண்டாள். மெஷினுக்கு முதுகா தெரியப்போகிறது.

திங்கட்கிழமை காலையில் கோடு ஜம்மென்று ஏறிப் பச்சைக்குள் போய் நின்றது. "சூப்பர்க்கா!" என்று ஸ்பீக்கரில் புவனேஸ்வரி சொன்னாள். செவந்தி முதுகைத் தூக்கியபடியே கிடந்தாள். கதவு திறந்தது. புவனேஸ்வரி வந்து, அவள் முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்தாள். கை தாராளமாகப் போய் வந்தது.

"முதுக எறக்குங்க."

இறக்கினாள். கோடு சரிந்து கீழே வந்தது.

"டிவிய ஏமாத்திட்டீங்க, சரி. உள்ள இருக்குற இதயத்த எப்படிக்கா ஏமாத்துவீங்க? அது இருந்த எடத்துலதானே இருக்கும்? நான் பாக்காம விட்டுருந்தா, கரண்டு வைக்கிறப்ப நேரா அதுமேலதான் பட்டுருக்கும். வெளாட்டா இது?" அவளுக்கு நிஜமாகவே கோபம். மூக்கு நுனி சிவந்துவிட்டது.

பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி செவந்தி கூரையைப் பார்த்தாள். "உள்ள எடம் இல்ல சிஸ்டர்."

"எடமெல்லாம் இருக்கு. நீங்கதான் விட மாட்டேங்குறீங்க."

"இழுத்தா என்னமோ ஆயிரும்னு இருக்கு."

"என்னாகும்?"

"தெரியல."

புவனேஸ்வரி கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். "அங்க களத்துல, புகையிலயே எவ்வளவு நேரந்தான் இருப்பீங்க? மூச்சு வேணும்ல?"

"சட்டிய எறக்குனதும் அங்கிட்டு ஓடிருவோம்ல. காத்துப் பக்கம்."

"ஓடி?"

"ஓடி, புளியமரத்துகிட்ட நின்னு..." செவந்தி நிறுத்தினாள். "நின்னு இழுப்போம்."

"எவ்வளவு?"

"அடிவயிறு வரைக்கும் போகும். அந்த எடத்துல மட்டும் காத்து குளுகுளுன்னு இருக்கும் சிஸ்டர்."

புவனேஸ்வரி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்பீக்கர் கரகரத்தது. வழக்கமான வாசகம் வரவில்லை.

"அக்கா, சட்டிய எறக்கிட்டீங்க."

செவந்தி கண்ணை மூடினாள்.

"ஓடுங்க அங்கிட்டு. மரத்துகிட்ட வந்துட்டீங்க. காத்துப் பக்கம். இழுங்க."

உடம்புக்குத் தெரிந்திருந்தது. மூளையைக் கேட்காமலே நெஞ்சு விரிந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விலகின, தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுத்தது, அதற்கு மேலும் போனது. கோடு மெதுவாக ஏறிப் பச்சைக்குள் நுழைந்தது.

"அப்படியே நில்லுங்க. விட்டுறாதீங்க. ஒண்ணு... ரெண்டு..."

நின்றாள். கொட்டிவிடும் என்று பயந்தது எதுவும் கொட்டவில்லை. இருபது வந்ததும் மூச்சை விட்டாள், கோடு இறங்கியது, அவ்வளவுதான். இவ்வளவு பயந்ததற்கு உள்ளே ஒன்றுமே இல்லையே என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த வாரக் கடைசியில் கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். பதினைந்து நாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு மூச்சு. ஆலங்குடியில் எட்டு மணி பஸ், புதுக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆஸ்பத்திரியில் டோக்கன், பச்சை கவுன். படுத்து, கையைத் தூக்கி, உடம்பில் போட்ட கோடுகளுக்கு நேராக அவர்கள் நகர்த்துவதற்கு உடம்பைக் கொடுத்துவிட்டால் போதும். மெஷின் சுற்றிவரும். "காத்துப் பக்கம் வந்துட்டீங்க, இழுங்க." இழுத்து நிற்பாள். ஙொய் என்று ஒரு சத்தம் வரும், போகும். வெளியே பெஞ்சில் குழந்தைசாமி உட்கார்ந்து, உள்ளே நடப்பது எதுவும் தெரியாமலே தன் பங்குக்கு இருபது எண்ணிக்கொண்டிருப்பான். எத்தனை இருபது என்று அவனுக்குக் கணக்குக் கிடையாது. கதவு திறக்கிற வரைக்கும் எண்ணுவான்.

நாலாம் நாளிலிருந்து ஸ்பீக்கரில் புவனேஸ்வரி "இழுங்க" என்ற ஒரு வார்த்தை சொன்னாலே போதுமானதாக இருந்தது. பத்தாம் நாள் அதுகூட வேண்டியிருக்கவில்லை. மெஷின் சுற்றி வந்து நிற்கிற சத்தத்துக்கே நெஞ்சு தானாக ஏறி நின்றது. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை உடம்பு பத்து நாளில் மறந்துவிட்டதே என்று யாரும் ஆச்சரியப்படவில்லை, செவந்தியும்தான். தோல் கறுத்துப்போனது. அரித்தது. அரிப்பு தெரிந்தவரைக்கும் சந்தோஷம் என்று இருந்துவிட்டாள்.

கடைசி நாள் பிரகதீஸ்வரி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். "நல்லாப் பண்ணிட்டீங்கம்மா. இதயத்துக்கு வேண்டாதது எதுவும் போகல. அடுத்த மாசம் எக்கோ எடுப்போம். களத்துப் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க, புகை ஆகாது." புவனேஸ்வரி வாசல் வரைக்கும் வந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றாள்.

"வாரேன் சிஸ்டர்."

"நான் சிஸ்டர் இல்லக்கா" என்று கடைசி நாளில் போய்ச் சொன்னாள் புவனேஸ்வரி. செவந்தி சரி என்று தலையாட்டினாள்.

ஆலங்குடியில் இறங்கியதும் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் குழந்தைசாமி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டான். செவந்தி வீட்டுக்கு நடந்தாள். வழியில்தான் களம். போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். போகவும் இல்லை, ரோட்டில், புளியமரத்தடியில், காத்துப் பக்கமாகத்தான் நின்றாள். ஆனால் களத்திலிருந்து முத்துமாரியம்மாள் பார்த்துவிட்டாள். குழந்தைசாமிக்கு அண்ணன் பொண்டாட்டி; இருபத்திரண்டு வருஷமாக செவந்திக்கு அடுத்த சட்டி அவளுடையது.

"அடியே! முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

முத்துமாரியம்மாள் சட்டியை விட்டுவிட்டு ஓடிவரவில்லை. கொட்டை தீப்பிடிக்கிற நேரம், விட்டால் கருகிவிடும். இருந்த இடத்திலிருந்தே கத்திப் பேசினாள். வறுகளத்தில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். செவந்தியின் சட்டி ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் யாரோ தூக்குவாளியை வைத்திருந்தார்கள்.

"எளைச்சுப் போனியே. கறி எடுத்துச் சாப்புடு. ஒன் மருமவளுக்கு ஒரு பொண்ணு பாத்து..." ஏதோ குழப்பிச் சொல்லிவிட்டு, "மகனுக்குடி, மகனுக்கு" என்று தன்னையே திருத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போது காற்று திரும்பியது. ஆடிக் காற்றை நம்ப முடியாது. ஐந்து சட்டிப் புகையும் ஒன்றாகச் சுருண்டு ரோட்டுப் பக்கம் வந்தது. களத்துப் பெண்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஊதி, வாயை மூடி, அசையாமல் நின்றார்கள். முத்துமாரியம்மாளின் சிரிப்பு பாதி முகத்தில் அப்படியே நின்றது. அவள் கையை மட்டும் ஆட்டி, அடக்கு, அடக்கு என்று செவந்திக்குச் சாடை காட்டினாள்.

செவந்தி அடக்கினாள். இழுத்து அடக்கினாள்.

நெஞ்சு முட்ட இழுத்தாள். விலாக்கள் விரிய, தையல் இழுக்க, பதினைந்து நாளும் இழுத்த அதே இழுப்பு. அவ்வளவு புகையும் உள்ளே போனது. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் உடம்பு விடவில்லை, இருபது வரைக்கும் நிற்கப் பழகியிருந்தது. ஏழு, எட்டு என்று அவளே உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதில் உடைந்தது.

இருமினாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். கண்ணும் மூக்கும் ஒழுகின. இருமலுக்கு நடுவில் வேறு ஒரு சத்தம் வந்தது. முதலில் அது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டதும் அடுத்தது அதைவிடப் பெரிதாக வந்தது. செவந்தி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி கொண்டாங்கடி! புகைய இழுத்துட்டா!" முத்துமாரியம்மாள் கொட்டை கருகினால் கருகட்டும் என்று ஓடிவந்தாள். முதுகைத் தடவினாள், சொம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இம்புட்டு வருஷம் நின்ன எடம், மறந்து போச்சாடி ஒனக்கு? சரி, சரி, போயிருச்சு. புகை போயிருச்சு பாரு."

புகை எப்போதோ போய்விட்டது. காற்று பழையபடி புளியமரத்துப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. செவந்தி இடது கையால் தன் நெஞ்சில், ஒன்றுமில்லாத அந்த இடத்தில், முதல் முறையாகக் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "எடுத்துட்டாங்கக்கா" என்றாள். "எடுத்துட்டாங்கக்கா, எடுத்துட்டாங்கக்கா" என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மாசக்கணக்குக்கு முந்தி நடந்ததை இன்றைக்குத்தான் கேள்விப்பட்டவள் மாதிரி அழுதாள்.

மாத்திரைப் பையோடு குழந்தைசாமி வந்து சேர்ந்தான். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடிவந்தவன், கிட்டே வந்ததும் நின்றுவிட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி, புகை ஏறிருச்சு. இந்தா, குடிடி இத, அழாத. அழுதா இன்னும் எளைக்கும்" என்றாள் முத்துமாரியம்மாள்.

குழந்தைசாமி அவள் கையிலிருந்த சொம்பை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான். செவந்திக்குப் பக்கத்தில், அவளுடைய இடது பக்கமாக, மண்ணில் உட்கார்ந்தான்.

"அழட்டும் விடுங்க மதினி" என்றான். "நீங்க போய்க் கொட்டையப் பாருங்க."